அமெரிக்கக் கல்லூரியில் மகன் ஃப்ராட்டர்னிட்டியில் சேரக் கேட்கிறான், விடலாமா?

மகன் அங்கே முதலாண்டு படிக்கிறான், ஃப்ராட்டர்னிட்டி என்னும் ஆண் மாணவர் சங்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, சந்தாவுக்குப் பணம் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி ஒன்றில் ஆறு வாரம் இருந்துவிட்டுப் பாதியில் வெளியே வந்தவன். என் ரூம்மேட் கடைசி வரை இருந்தான்.

அதை வெறும் குடிகாரக் கூட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் சேர்ந்தது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அவ்வளவு கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று திருதிருவென விழித்த நாட்கள் உண்டு. ஃப்ராட்டர்னிட்டிகள் ஆள் சேர்க்கும் ரஷ் வாரத்தில் அப்படி ஒன்றின் வீட்டுக்குப் போனேன். என் பெயரை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரிக்கப் பழகினார்கள். பதினெட்டு வயதில் அதற்கே மனசு விழுந்துவிட்டது.

அப்புறம் வந்தது ப்ளெட்ஜ் காலம், அதாவது முழு உறுப்பினர் ஆகும்வரை உள்ள சோதனைக் காலம். நள்ளிரவில் எழுப்பித் தரை துடைக்கச் சொன்னார்கள், நிறுவனர்கள் பெயரை ஒப்பிக்கச் சொன்னார்கள். ஹேசிங் என்பது இதுதான். நம் ஊர் ராகிங் மாதிரிதானே என்று தோன்றும். 1996ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டு, 1997ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது நினைவிருக்கும். ஆனால் ராகிங் நாம் கேட்காமல் தலையில் விழுவது. ஹேசிங்குக்கு நாமே பணம் கட்டித் தலையைக் கொடுக்கிறோம். 'நீயாகத்தானே வந்தாய்' என்ற ஒரு வார்த்தையில் வாய் அடைத்துவிடும்.

ஆறாவது வாரம் ஒரு ராத்திரி எங்கள் செட்டுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு அசைவில்லாமல் கிடந்தான். ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றேன். 'கொஞ்சம் பொறு, இங்குள்ள நம் ஃப்ராட்டர்னிட்டிக் கிளையை மூடிவிடுவார்கள்' என்றார் சீனியர். நானும் பொறுத்தேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. விடிகாலையில் அவன் எழுந்துவிட்டான். இரண்டு நாள் கழித்து விலகினேன். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஃப்ராட்டர்னிட்டி வீடொன்றில் 19 வயது மாணவர் போதையில் படிக்கட்டில் விழுந்தார். ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துத்தான் அவசர உதவி எண்ணான 911க்குப் போன் போனது. அவர் பிழைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆம்புலன்ஸைத் தடுத்த அதே விசுவாசம்தான் ரூம்மேட்டுக்கு முதல் வேலையும் வாங்கிக் கொடுத்தது. ஃப்ராட்டர்னிட்டியின் பெயரான அதே கிரேக்க எழுத்துகளைப் போட்டுக்கொண்ட பழைய மாணவர் ஒருவர், முன்பின் பார்க்காமலே அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டார். அது நல்லதா என்று கேட்டால், அவனுக்கு நல்லது. அந்த எழுத்து இல்லாமல் அதே வேலைக்கு மனுப்போட்டவனை யார் கேட்டார்கள்?

எல்லா வீடும் ஒன்றல்ல என்பதும் உண்மை. 1906ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கியதற்குக் காரணம் தனிமைதான். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். கமலா ஹாரிஸ் இருப்பது 1908ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெண்கள் அமைப்பான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். தெற்காசிய மாணவர்களுக்கென்றும் தனி ஃப்ராட்டர்னிட்டிகள் இருக்கின்றன. 'நம்ம பசங்கதானே' என்று அதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். 2013ல் நியூயார்க் பாரூக் கல்லூரியில், ஆசிய அமெரிக்க ஃப்ராட்டர்னிட்டி ஒன்றில் சேர வந்த மாணவர் ஹேசிங்கில்தான் இறந்தார்.

சரி, விடலாமா? என் பையனாக இருந்தால் உடனே பணம் அனுப்ப மாட்டேன். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, எந்த மாணவர் அமைப்பு ஹேசிங் விதியை மீறியது என்பதைக் கல்லூரிகள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அந்த அறிக்கையில் அவன் சொல்லும் கிளையின் பெயர் இருக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். போதையில் விழுந்தவருக்கு உதவி கேட்டு அழைப்பவர் மேல், குடித்ததற்காக வழக்குப் போடுவதில்லை என்ற சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. அவன் இருக்கும் மாநிலத்தில் எப்படி என்று அவனையே தேடிப் படித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.