வராமல் போன மூன்றாவது அலை

அன்புள்ள ஐயா,

2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு என்று படித்தேன். வசதி வந்ததும் அவர்களுக்குப் பிள்ளைகள் பாரமாகிவிட்டார்கள், மக்கள் குறைந்ததால்தான் பொருளாதாரமும் படுத்துவிட்டது என்கிறார் என் நண்பர். அது சரியா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் முன்னதைப் பின்னதாக்கிச் சொல்கிறார். டோக்கியோ பங்குச்சந்தை உச்சத்தைத் தொட்டது 1989 டிசம்பர் கடைசியில். அடுத்த ஆண்டு பிறந்ததுமே சரிவு தொடங்கிவிட்டது. அப்போது ஜப்பானின் மக்கள்தொகை கூடிக்கொண்டுதான் இருந்தது. உழைக்கும் வயதில் இருந்தவர்களின் எண்ணிக்கை 1995 வரை ஏறியது. மொத்த மக்கள்தொகை 2008 வாக்கில் 12.8 கோடியைத் தொட்ட பிறகுதான் இறங்கியது. முதலில் முறிந்தது பொருளாதாரம்தான்.

வசதி வந்தால் பிள்ளை குறையும் என்பது பொய்யில்லை. பணம் புரண்ட 1989-லேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.57 குழந்தை என்ற நிலைக்கு ஜப்பான் வந்துவிட்டது. ஆனாலும் கையில் ஒரு பெரிய வாய்ப்பு மிச்சமிருந்தது. போர் முடிந்தபின், 1947 முதல் 1949 வரை, பிறந்தவர்கள் முதல் அலை. 1971 முதல் 1974 வரை இரண்டாவது அலை. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல், நான்கே வருடத்தில் எண்பது லட்சம் பிள்ளைகள். இவர்கள் குடும்பமாகியிருந்தால், வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளை என்றாலும் 2000-ஐ ஒட்டி மூன்றாவது அலை எழுந்திருக்கும். அது வரவேயில்லை.

ஏன் என்று கேட்டால், அவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தது 1990-களில். ஜப்பானியக் கம்பெனிகள் கல்லூரியின் கடைசி வருடத்திலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். ஏப்ரல் 1 அன்று எல்லோரும் ஒன்றாக வேலைக்குச் சேர்வார்கள். அந்நாளில் விண்ணப்பத்தைக் கையால் எழுத வேண்டியிருந்தது. கடைசி வரியில் ஓர் எழுத்து பிசகினாலும் வெள்ளை மை பூசித் திருத்துவது மரியாதையில்லை. புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதுவார்கள். அப்படித் தாள் தாளாக எழுதி அனுப்பி, அந்த ஏப்ரலில் இடம் கிடைக்காதவர் மறு வருடம் புதுப் பட்டதாரியாகக் கருதப்படவில்லை. நல்ல கம்பெனிகளின் வாசல் அவருக்கு அநேகமாக மூடியாகிவிட்டது. அப்புறம் ஒப்பந்த வேலை, ஏஜென்சி வேலை, கடையில் கல்லா வேலை.

1991-இல் பட்டம் பெற்ற ஒரு மாணவருக்கு 2.86 வேலை காத்திருந்தது. 2000-இல் அது 0.99. நடுவில் 1997-இல் நூறு வருடப் பழமையான யமாய்ச்சி பங்கு நிறுவனமே இழுத்து மூடப்பட்டது. இந்தக் காலத்தை ஜப்பானியர் வேலைவாய்ப்பின் பனியுகம் என்கிறார்கள்.

அந்த நாட்டில் கல்யாணம் ஆகாமல் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டுதான். கல்யாணம் தள்ளிப்போனால் பிள்ளையும் தள்ளிப்போகும். நிரந்தர வேலையில் இருக்கும் முப்பது வயது ஆண்களோடு ஒப்பிட்டால், நிரந்தர வேலை இல்லாதவர்களில் கல்யாணமானவர்கள் பாதி விகிதம்கூட இல்லை. வேண்டாமென்று ஒதுங்கியவர்களும் இல்லை இவர்கள். அரசின் கணக்கெடுப்புகளில் கல்யாணமாகாத இளைஞர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேலானோர் என்றாவது கட்டிக்கொள்ளவே விருப்பம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்களுக்குப் பிள்ளை பாரமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

இன்றைக்கு ஆள் குறைவது பொருளாதாரத்தைப் பிடித்து இழுக்கிறது, உண்மை. கம்பெனிகள் புதுப் பட்டதாரிகளைத் தேடி ஓடுகின்றன. வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள். பனியுகத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது. அவர்களைத் தேடி யாரும் ஓடவில்லை.

2019-இல் ஹ்யோகோ மாகாணத்தின் தகராசுகா நகராட்சி இந்தத் தலைமுறைக்கென்றே மூன்று வேலைகளை அறிவித்தது. விண்ணப்பம் போட்டவர்கள் 1,816 பேர். கடைசியில் நான்கு பேரை எடுத்துக்கொண்டார்கள். வயது வரம்பு 45. இரண்டாவது அலையில் மிக அதிகமாகக் குழந்தைகள் பிறந்தது 1973-இல். அந்த ஆண்டில் பிறந்தவர்களுக்கு அந்த வயதும் கடந்துவிட்டிருந்தது.