வீட்டில் ஒரு தையல் மூலை: கேள்வி பதில்

22 வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். தனி அறை இன்றுவரை கிடையாது. ஹாலில் ஜன்னலோரம் ஆறடிக்கு நாலடி, அவ்வளவுதான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

அக்கா, சின்ன வாடகை வீடு. மெஷினை எங்கே போடுவது? (மதுரை)

ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போடுங்கள். மெஷினின் உடம்பு ஊசிக்கு வலப்பக்கம் இருக்கிறது. வெளிச்சமும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தால் அதன் நிழலும் உங்கள் கை நிழலும் ஊசி மேலேயே விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடும்போது தெரியும் அவஸ்தை. மேற்கு ஜன்னல் என்றால் திரை கட்டிவிடுங்கள், வெயில் பட்டால் பட்டு வெளுக்கும். அடுப்படிப் பக்கம் மட்டும் வேண்டாம். தாளிக்கிற எண்ணெய் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியில்தான் தெரியவரும்.

அரை மணி நேரம் தைத்தாலே முதுகு பிடித்துக்கொள்கிறது. (ஈரோடு)

நாற்காலியை மெஷினுக்கு நடுவில் போட்டிருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். மூக்கு ஊசிக்கு நேராக வர வேண்டும். அப்படியென்றால் நாற்காலி கொஞ்சம் இடப்பக்கம் நகரும். இல்லாவிட்டால் தைக்கிற நேரம் முழுக்க இடுப்பு ஒரு பக்கமாகத் திருகியே இருக்கும். தைக்கும்போது தோள் தானாக மேலே ஏறுகிறதா? இருக்கை தாழ்வு என்று அர்த்தம். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் பழைய போர்வையை மடித்துப் போட்டு உட்காருங்கள்.

அப்புறம், அயர்ன் பாக்ஸைக் கை எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். நான் வேண்டுமென்றே எதிர்ச் சுவரோரம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தையலையும் அழுத்த எழுந்து போக வேண்டும், முதுகும் நிமிரும்.

தரையில் விரித்து வெட்டுகிறேன். கட்டிங் டேபிள் வாங்க இடமில்லை. (திருச்சி)

டைனிங் டேபிள் போதும், ஆனால் உயரம் சுமார் 30 அங்குலம்தான் இருக்கும். நின்று வெட்ட 35, 36 அங்குலம் வேண்டும். டேபிள் கால் நழுவாதபடி குழி வெட்டிய நாலு மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்கி அடியில் கொடுங்கள். கட்டில் மேல் மட்டும் வெட்டாதீர்கள். மெத்தை அமுங்கும், துணி நகரும், ஜாக்கெட்டின் கழுத்து கோணலாகும்.

வெளி ஆர்டர் எடுக்கிறேன். துணிகள் கலந்துவிடுகின்றன. (விழுப்புரம்)

ஆளுக்கு ஒரு பை. அளவு ஜாக்கெட், துணி, லைனிங், ஹூக், ஃபால்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பெயரும் கொடுக்க வேண்டிய தேதியும் எழுதிய சீட்டை வெளியே குத்திவிடுங்கள். பைகளைத் தேதி வரிசையில் ஆணியில் மாட்டுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பையைத்தான் திறக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தீபாவளி நேரத்தில். மாமியாரின் அளவு ஜாக்கெட்டை வைத்து மருமகளின் பட்டுத் துணியை வெட்டிவிட்டேன். இருவருமே என் எதிரில் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய் என்ன நடந்ததோ! துணிக்குப் பணம் கொடுத்தேன்.

மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (நாகர்கோவில்)

கூடவே கூடாது. பிசுபிசுத்து இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் சின்ன பாட்டில் அதிக விலையில்லை. விட்டதும் வேண்டாத துணியில் ஒரு முழம் ஓட்டிப் பாருங்கள், கறை அதில் போய்விடும்.

ரெண்டு வயதுப் பையன் மெஷினையே சுற்றி வருகிறான். பயமாக இருக்கிறது. (சேலம்)

பயம் நியாயம்தான். கால் மெஷின் என்றால் எழுந்திருக்கும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். அவன் மிதித்தாலும் ஊசி அசையாது. மோட்டார் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்குங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வேலை முடிந்ததும் தரையில் ஒரு சுற்று இழுங்கள், விழுந்த ஊசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடி, காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வெட்டுத் துண்டுகளை என்ன செய்வது? மூட்டையாகச் சேர்கிறது. (கடலூர்)

உள்ளங்கையை விடச் சின்னது குப்பைக்கு. பெரியது பைப்பிங்குக்கும் (ஓரத்தில் வைத்துத் தைக்கிற பட்டி) கால்மிதிக்கும். சட்டம் இதுதான். என் கட்டிலுக்கு அடியில் இப்போது மூன்று மூட்டை இருப்பதைக் கேட்காதீர்கள்.