கூடாரத்தில் ஆகான் யார்?

கேள்வி: கீழ்ப்படிந்தால் ஜெயம், மீறினால் தோல்வி. இஸ்ரவேலின் யுத்தங்கள் எல்லாம் இதைத்தானே காட்டுகின்றன? எங்கள் கடை இரண்டு வருடமாக நஷ்டத்தில் ஓடுகிறது. ‘உங்கள் கூடாரத்தில் ஒரு ஆகான் இருக்கிறான், கண்டுபிடியுங்கள்’ என்று ஜெபக்கூட்டத்தில் ஓர் ஊழியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம்.
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: யோசுவா 7-ஐ அந்த ஊழியர் பாதியிலேயே மூடிவிட்டார் போலிருக்கிறது. எரிகோ பட்டணம் விழுந்த தெம்பில், ‘ஆயி சின்ன ஊர்தானே’ என்று இஸ்ரவேலரில் மூவாயிரம் பேர் போனார்கள். 36 பேரைப் பறிகொடுத்து ஓடி வந்தார்கள். காரணம், எடுக்கக்கூடாது என்று கர்த்தர் விலக்கியிருந்த எரிகோவின் கொள்ளையிலிருந்து ஆகான் என்ற இஸ்ரவேலன் ஒரு பாபிலோனிய சால்வையையும், 200 சேக்கல் வெள்ளியையும், 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளத்தையும் திருடித் தன் கூடாரத்துக்குள் புதைத்து வைத்திருந்தான். சரி, செத்துப்போன அந்த 36 பேர் என்ன தப்பு செய்தார்கள்? அவர்கள் எதையும் திருடியதாக வேதம் சொல்லவில்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். தோற்றவன்தான் குற்றவாளி என்றால், இந்த அதிகாரமே அதற்கு ஒத்துவராது. (ஆகான் ஒரே ஒரு ஊர் பொறுத்திருக்கலாம். அடுத்த அதிகாரத்தில் ஆயியின் கொள்ளையை எடுத்துக்கொள்ளக் கர்த்தரே அனுமதி கொடுத்துவிட்டார்.) கோத்திரம், வம்சம், வீடு, ஆள் என்று படிப்படியாக ஆகானைக் குறித்துக் காட்டியவரும் கர்த்தர்தான். மைக் பிடித்தவர் யாரும் ஊகித்துச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட விதி வேதத்தில் இல்லாமல் இல்லை. உபாகமம் 28 அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. நியாயாதிபதிகள் புத்தகம் அதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் ராஜாக்களின் காலத்துக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. ஆகாபைவிட மோசமான ராஜா வேண்டுமா? அவனுக்கு 1 இராஜாக்கள் 20-இல் சீரியர்மேல் அடுத்தடுத்து இரண்டு வெற்றி, அதுவும் தீர்க்கதரிசி வந்து முன்கூட்டியே சொல்லி. இரண்டாம் யெரொபெயாம் பொல்லாப்பானதையே செய்தான் என்று எழுதிய கை, அவன் இஸ்ரவேலின் எல்லைகளை மீட்டான் என்றும் எழுதுகிறது. ஏன் என்றால், ஜனத்தின் உபத்திரவத்தைக் கர்த்தர் பார்த்தாராம். ராஜாவின் யோக்கியதைக்கு அங்கே வேலையே இல்லை.

மறுபக்கம் யூதாவின் ராஜா யோசியா. முழு இருதயத்தோடும் கர்த்தரிடம் திரும்பினவன், அவனைப்போல் முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று 2 இராஜாக்கள் 23:25 சொல்கிறது. நான்கே வசனம் தள்ளி, மெகிதோவில் பார்வோன் நேகோ அவனைக் கொன்றுபோடுகிறான். அப்போது அவனுக்கு வயது 39. அவன் தாத்தா மனாசே, எருசலேமைக் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பினவன், 55 வருடம் ஆண்டான். நேகோவின் மூலம் வந்த தேவ வார்த்தையை யோசியா கேட்கவில்லை என்று 2 நாளாகமம் 35 காரணம் சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. ஆனால் இராஜாக்களின் புத்தகம் யோசியாமேல் ஒரு குற்றமும் சுமத்தாமல் அப்படியே கடந்து போகிறது.

‘எங்கள் தேவன் கோபமாக இருந்தார், தோற்றோம்; திரும்பினார், ஜெயித்தோம்’ என்கிற பேச்சு இஸ்ரவேலுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. மோவாபின் ராஜா மேசா கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் வெட்டி வைத்த கல்வெட்டு 1868-இல் யோர்தானில் கிடைத்தது; இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோவாபியரின் தெய்வமான காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபமாக இருந்தபடியால் இஸ்ரவேல் ராஜா உம்ரி மோவாபை ஒடுக்கினான் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்து அண்டை நாட்டு ராஜாவும் இப்படித்தான் பேசினான். அந்த விதிக்கு அடங்காதவற்றையும் அழிக்காமல் எழுதி வைத்தது இஸ்ரவேலின் புத்தகம்.

அதைவிட, கீழ்ப்படிந்தால் ஜெயம் என்றால் எரேமியா தீர்க்கதரிசியை என்ன செய்வீர்கள்? பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. ‘வெளியே போய் சரணடை, நீயும் பிழைப்பாய், பட்டணமும் எரியாது’ என்று யூதாவின் ராஜா சிதேக்கியாவுக்குச் சொல்கிறான் (எரேமியா 38). அன்றைய கீழ்ப்படிதல் வாளைக் கீழே போடுவது. சிதேக்கியாவுக்கு விளங்காமல் இல்லை, பயந்தான். ஏற்கெனவே கல்தேயர் (பாபிலோனியர்) பக்கம் போய்விட்ட யூதர் தன்னைப் பரிகாசம் பண்ணுவார்களே என்ற பயம். அவன் சரணடையவில்லை, பிடிபட்டான். ரிப்லா என்ற ஊரில் பாபிலோனியர் அவன் பிள்ளைகளைக் கண்முன்னே வெட்டிவிட்டு அவன் கண்களைப் பிடுங்கினார்கள்.

எனவே, அம்மா, வீட்டில் ஆகானைத் தேடும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். யாராவது கல்லாவில் கை வைத்தது உண்மையிலேயே தெரிந்தால் கேளுங்கள், அது வேறு விஷயம். நஷ்டத்துக்குக் காரணம் வேண்டுமென்றால் இரண்டு வருடக் கொள்முதல் பில்லையும் கடன் நோட்டையும் எடுத்துக்கொண்டு, கணக்குத் தெரிந்த ஒருவர் முன்னால் உட்காருங்கள். அந்த ஊழியர் மறுபடி வந்தால், ஆயியில் செத்த 36 பேரைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொன்னால் எனக்கும் எழுதி அனுப்புங்கள்.