தூக்க மாத்திரையைப் பாதுகாப்பாக எடுப்பது எப்படி? பழக்கமாகிவிடுமா?

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதே கேள்வியைச் சொந்தக்காரர்கள் என்னிடம் குற்றச்சாட்டாகவே கேட்டிருக்கிறார்கள்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை. அம்மா போன பிறகு அப்பா விடிய விடிய வராந்தாவில் நடந்தார். குன்னூர் டாக்டர் சோல்பிடெம் 5 மில்லிகிராம் எழுதினார், கொஞ்ச நாளைக்கு மட்டும். எழுதும் முன் குறட்டை விடுவாரா என்று கேட்டார். அப்புறம், "குளிருக்கு பிராந்தி உண்டா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் ஊரில் அதைக் குடி என்றே யாரும் நினைப்பதில்லை. சளிக்கு ஒரு மூடி, குளிருக்கு ஒரு மூடி. மாத்திரையோடு அது சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். மயக்கம் தரும் இருமல் சிரப்பும் கேட்காமல் கூடாது என்றார். பாட்டிலை அன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

படுக்கைக்குப் போன பிறகுதான் மாத்திரை. அதன்பின் ஏழெட்டு மணி நேரம் தூங்க அவகாசம் வேண்டும். எங்கள் கழிவறை வெளியே இருக்கிறது, பனியில் படி வழுக்கும். வயதானவர் அரைத்தூக்கத்தில் இறங்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அதனால் கட்டிலருகே வாளியும் டார்ச்சும் வைத்தேன். மத்தியானத்துக்கு மேல் டீ கிடையாது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, தூங்கும் பழக்கத்தையும் அதைப் பற்றிய பயத்தையும் மாற்றுகிற சிபிடி சிகிச்சைதான் என்றும் டாக்டர் சொன்னார்.

"அப்பாவுக்குப் பழக்கி விட்டுட்டியேம்மா" என்ற அத்தைதான், சீட்டில்லாமல் வாங்கிய அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அட்டையை அவரிடம் நீட்டியவர். பழக்கமாவது நிஜம்தான். மாதக்கணக்கில் அல்பிரசோலம் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சோல்பிடெம், அல்பிரசோலம் இரண்டுமே டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய எச்1 பட்டியல் மருந்துகள். எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிந்து கடைக்காரர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். யார் செய்கிறார்கள்?

அப்பா மாத்திரையை விட்டு ரொம்ப நாளாயிற்று. ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது அம்மா போனது மட்டுமில்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகிவிடுகிறது. ஆதார விலை கேட்டு எங்கள் ஆட்கள் உண்ணாவிரதம் வரை இருந்து பார்த்துவிட்டார்கள். ஃபேக்டரியில் மாத விலை தெரிகிற ராத்திரி அப்பா இன்னமும் தூங்குவதில்லை.