சாஃப்ட்பாலில் இல்லீகல் பிட்ச்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பல வருடங்களாக அம்பயராக நிற்கிறேன். பந்து வீசுபவர் (பிட்சர்) விதியை மீறி வீசுவதுதான் இல்லீகல் பிட்ச். கீழே உள்ளவை பெரும்பாலும் அமெரிக்காவில் பெண்கள் ஆடும் ஃபாஸ்ட்பிட்ச் (வேகமாகப் பந்து வீசும் வகை) ஆட்டத்தைப் பற்றியவை.

கேள்வி: அம்பயர் இடது கையை நீட்டினார், ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. என் மகள் அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள். அவள் அவுட்டா?

அதை உங்கள் கோச்தான் முடிவு செய்ய வேண்டும். கையை நீட்டினால் "தப்பைப் பார்த்துவிட்டேன், ஆட்டம் முடியட்டும்" என்று அர்த்தம். உடனே நிறுத்தினால் பேட்டிங் அணிக்குத்தான் நஷ்டம், அவள் அடிப்பது ஹோம் ரன்னாகவும் இருக்கலாமே! பேட்டர் முதல் பேஸை (ஓடித் தொட வேண்டிய இடம்) தொட்டு, பேஸ்களில் நிற்கும் மற்ற ரன்னர்கள் எல்லோரும் ஒரு பேஸாவது முன்னேறினால் அந்தத் தப்பு அதோடு மறைந்துவிடும். இல்லையென்றால் கோச் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: நடந்ததை ஏற்பது, அல்லது தண்டனையாக ஒரு பால் (பேட்டருக்குச் சாதகமாக எண்ணப்படும் வீச்சு) வாங்கிக்கொண்டு பேட்டரை மறுபடி ஆடவிடுவது.

மூன்றாம் பேஸில் ஒரு ரன்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ச் ஆன பிறகு அவர் ஓடி ரன் எடுத்துவிட்டார். கடைசி இன்னிங்ஸில் அந்த ஒரு ரன் போதுமென்றால் நான் அவுட்டை ஏற்றுக்கொள்வேன். முதல் இன்னிங்ஸ் என்றால் யோசிப்பேன்.

ஆகவே கை நீண்டிருப்பதைப் பார்த்தால் தயங்காமல் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கப்போய்த் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராக எண்ணப்படுவது) கிடையாது, பால்தான்.

கேள்வி: இல்லீகல் பிட்சுக்கு ரன்னர்களுக்கும் ஒரு பேஸ் கிடைக்குமா?

முன்பு கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் பல அமைப்புகள் அதை எடுத்துவிட்டன. உங்கள் போட்டி எந்த விதிப்புத்தகப்படி நடக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: க்ரோ ஹாப், லீப் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. லீப் என்றால் வீசும்போது பிட்சரின் இரண்டு காலும் காற்றில் இருப்பது. க்ரோ ஹாப்பில் பிட்சிங் பலகையை (பிட்சர் நின்று வீச வேண்டிய இடம்) விட்ட கால் முன்னால் மறுபடி ஊன்றி, அங்கிருந்து உந்தி வீசுகிறது. பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் அந்தப் பலகையிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குத் தூரம் 43 அடி. இரண்டாவது முறை ஊன்றுபவர் அதில் கொஞ்சத்தைத் திருடுகிறார், பேட்டருக்குப் பந்தைப் பார்க்கும் நேரம் குறைகிறது. அதனால்தான் 2024 சீசனிலிருந்து கல்லூரி ஆட்டத்தில் லீப்பை அனுமதித்த பிறகும் க்ரோ ஹாப் தப்பாகவே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது சிரமம். பலகைக்கு முன்னால் மண் குழிந்திருந்தால், இழுபடும் கால்கூட காற்றில் இருப்பதுபோலத் தெரியும். காலில் மறுபடி எடை விழுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கேள்வி: என் 12 வயது மகளுக்கு ஒரே இன்னிங்ஸில் ஐந்து முறை இல்லீகல் பிட்ச் கொடுத்தார்கள். கைகளைச் சேர்த்ததும் நிறுத்தவில்லையாம். அழுதுவிட்டாள்.

பாவம், குழந்தை. அவள் வீச்சில் கோளாறு இல்லை, அவசரம் மட்டும்தான். கைகளைப் பிரித்து வைத்தபடி பலகையில் நிற்க வேண்டும். கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) சைகையைப் பார்த்த பிறகு கைகளைச் சேர்த்து, குறைந்தது ஒரு நொடி, அதிகபட்சம் 10 நொடி அசையாமல் நிற்க வேண்டும். பேட்டர் தயாராவதற்கான நேரம் அது. கைகளைச் சேர்த்ததும் ஒரு மூச்சு இழுத்து விடச் சொல்லுங்கள், அந்த ஒரு நொடி தானாக வந்துவிடும். இந்த வயதுப் பிள்ளைகள் என்றால் நான் இன்னிங்ஸ் இடைவேளையில் கோச்சைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். எல்லா அம்பயரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: ஸ்லோபிட்சிலும் (மெதுவாக, வளைவாகப் பந்து வீசும் வகை) இதே தண்டனையா?

பால் உண்டு, ஆனால் பேட்டர் பேட்டைச் சுழற்றிவிட்டால் அந்தத் தப்பு ரத்தாகிவிடும், விளைவு எதுவானாலும் அவருடையது. அங்கே பந்து குறைந்தது 6 அடி உயரம் எழும்பி வர வேண்டும். தாழ்வாக வந்து அம்பயர் "இல்லீகல்" என்று சொல்வது காதில் விழுந்தால், பேட்டைத் தோளிலேயே வைத்திருங்கள்.