பெட்டியில் 600, உள்ளே எத்தனை வாட்?

கேள்வி: பவர் சப்ளை பெட்டியில் 'எக்ஸ்ட்ரீம் வாரியர் 600' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் கேம் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த 600 வெறும் மாடல் பெயராக இருக்கலாம். பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளில் +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 30 = 360 வாட், அவ்வளவுதான். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. கேமில் இழுப்பு கூடும்போது பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். லேபிளில் 12வி1, 12வி2 என்று இரண்டு 12 வோல்ட் தடங்கள் இருந்தால் ஆம்பியரைக் கூட்டாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து அச்சிட்ட வாட்தான் கணக்கு. '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்துக்கானது, திறனுக்கானதல்ல.

கேள்வி: லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4090 (என்விடியாவின் கிராபிக்ஸ் சிப்), டெஸ்க்டாப் 4090 இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை, சிப்பே வேறு. டெஸ்க்டாப்பில் 16,384 கோர் (கணக்கிடும் அலகு), 24 ஜிபி மெமரி. லேப்டாப்பில் 9,728 கோர், 16 ஜிபி. இரண்டுக்கும் ஒரே எண் வைத்தது வாங்குபவரை ஏமாற்றும் வேலை என்பதே எங்கள் கருத்து. லேப்டாப் வாங்குமுன் விவரப் பட்டியலில் 'டிஜிபி' (கிராபிக்ஸுக்கு ஒதுக்கிய மின்திறன்) எத்தனை வாட் என்று பாருங்கள். அதே பெயரில், வாட் குறைந்தால் வேகமும் குறையும்.