வேலிக்குள் அழிந்த நீலன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீலன் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கும் எறும்புகளுக்கும் உள்ள உறவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். புழு இனிப்பு நீர் தருகிறது, எறும்பு காவல் நிற்கிறது, இருவருக்கும் லாபம் என்று எழுதியிருந்தீர்கள். எறும்புப் புற்றுக்குள்ளேயே குடியேறி அதன் குஞ்சுகளைத் தின்னும் நீலன்களும் உண்டு என்று கடைசியில் ஒரே வரியில் சொல்லி விட்டுவிட்டீர்கள். எனக்கு மூன்று சந்தேகங்கள். பக்கத்துப் புற்று எறும்பு வந்தாலே கடித்துக் குதறும் எறும்பு, இப்படி ஒரு புழுவை எப்படி உள்ளே விடுகிறது? இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஒரு நீலனை வேலி போட்டுக் காத்தும் 1979-ல் அற்றுப்போனது என்கிறார்களே, ஏன்? நம் மாமரத்து முசுறுக் கூட்டிலும் இப்படி ஏதாவது குடியிருக்கிறதா?

அன்புடன்,
ம., ராஜபாளையம்

அன்புள்ள ம.,

வேலியை விளக்குவதற்கு முன் புழுவின் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் கேட்கும் பூச்சியைத் தமிழில் பெருநீலன் எனலாம். அறிவியல் பெயர் ஃபெங்காரிஸ் ஏரியான். பழைய நூல்களில் மாக்குலினியா ஏரியான் என்றிருக்கும். ஜூன், ஜூலையில் காட்டுத் தைம் செடியின் மொட்டுகளில் முட்டையிடும். (தைம் துளசிக் குடும்பம், ஓமத்துக்குச் சொந்தமில்லை. ஆனால் கசக்கி முகர்ந்தால் ஓமம் ஞாபகம்தான் வரும். இரண்டிலும் இருப்பது தைமால்.) முட்டையிலிருந்து வந்த புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்கிறது. அதே பூவில் இன்னொரு புழு இருந்தால் அதையும் தின்றுவிடும். மூன்றாவது முறை தோலுரித்த பிறகு, ஒரு சாயங்காலம் தரையில் விழுகிறது. செவ்வெறும்புகள் இரை தேடி அதிகம் வெளியே திரியும் நேரம் அது. அப்போது அதன் எடை ஓரிரு மில்லிகிராம். முழு எடையில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் இனிமேல்தான் ஏற வேண்டும்; அது முழுக்க எறும்புப் புழுக்களை, அதாவது எறும்பின் குஞ்சுகளை, தின்றே ஏறுகிறது.

விழுந்த இடத்திலேயே அது கிடக்கும். மிர்மிகா இனத்துச் செவ்வெறும்பு ஒன்று வந்து உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். புழுவின் முதுகில் பின்பக்கம் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு துளி வரும். எறும்பு குடிக்கும், மறுபடி தட்டும், மறுபடி குடிக்கும். இது நெடுநேரம் நடக்கும். பிறகு புழு சட்டென்று உடலின் முன்பகுதியை உப்ப வைத்து, தலையைத் தூக்கிக் கூனிக்கொள்கிறது. தோல் விறைத்து, தொடுவதற்கு அசல் எறும்புப் புழு போலவே ஆகிவிடுகிறது. எறும்பு அதைத் தாடையில் கவ்விக்கொண்டு புற்றுக்கு ஓடுகிறது. தன் வீட்டுக் குஞ்சு வெளியே விழுந்து கிடந்தால் என்ன செய்யுமோ அதையேதான் செய்கிறது.

எறும்பை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். இருட்டுக்குள் வாழும் அதற்கு, நம்மவரா அந்நியரா என்பதைச் சொல்வது உடம்பின் மேலுள்ள மெழுகுப் பூச்சின் வாசனைதான். நீங்கள் சொன்ன பக்கத்துப் புற்று எறும்பு அந்தச் சோதனையில்தான் மாட்டுகிறது. நீலன் புழுவின் பூச்சோ மிர்மிகா குஞ்சுகளின் பூச்சை ஒத்திருக்கிறது. ஆனால் பொதுவாக மிர்மிகா போல என்ற அளவுக்குத்தான். அதனால் எந்த மிர்மிகா எறும்பும் அதைத் தூக்கிப் போகும். உள்ளே போய்ப் பிழைப்பது பெரும்பாலும் மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான். இங்கிலாந்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

புழு எறும்புப் புற்றில் வாழ்ந்து எறும்புக் குஞ்சுகளைத் தின்கிறது என்பது 1915-லேயே தெரியும். பூச்சி ஆய்வாளர் டி. ஏ. சாப்மன் தைம் செடியைப் பிடுங்கிப் பார்த்து அடியில் புழுவைக் கண்டார். அதன் குடலில் எறும்புப் புழுக்களின் மிச்சம் இருந்தது. அடுத்து கேப்டன் ப்யூர்ஃபாய் பாதி வால்நட் ஓட்டுக்கடியில் எறும்புகளைக் குடிவைத்து, புழுவை உள்ளே விட்டு வளர்த்தும் காட்டினார். எல்லாம் தெரிந்ததாகவே எல்லோரும் எண்ணினார்கள். எந்த எறும்பு என்று பிரித்துப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1972-ல் கடைசிப் பெருநீலன் கூட்டத்தைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வாளர் ஜெரமி தாமஸ்தான் அதைச் செய்தார்.

இனி கணக்கு. புற்றில் புழு பத்து மாதம் வரை இருக்கிறது. எறும்புக் குஞ்சுகள் இருக்கும் அறைக்குப் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஒதுக்குப்புற அறைக்குத் திரும்பிப் பட்டு நூல் மெத்தையில் கிடக்கும். தின்னும்போது பெரிய குஞ்சுகளாகப் பார்த்து முதலில் தின்கிறது. சின்னது வளரட்டும் என்று விட்டுவைப்பதுபோல ஆகிவிடுகிறது. அதே புற்றிலிருந்து கூடுதல் தீனி கிடைக்கிறது. அப்படியும் ஒரு புழு முழுதாக வளர ஏறக்குறைய 230 பெரிய எறும்புப் புழுக்கள் வேண்டும். அத்தனை குஞ்சுகளை வளர்த்துத்தரக் குறைந்தது 354 வேலைக்கார எறும்புகள் உள்ள புற்று தேவை என்று தாமஸும் வார்ட்லாவும் 1992-ல் கணக்கிட்டார்கள். மிர்மிகா புற்றில் பெரும்பாலும் சில நூறு எறும்புகளே இருக்கும். ஆகவே ஒரு புற்றுக்கு ஒரு பட்டாம்பூச்சி, அதுவே அதிகம். ஒரே புற்றுக்குள் நான்கைந்து புழுக்கள் போய்விட்டால் குஞ்சுகள் தீர்ந்து அத்தனையும் பட்டினியில் சாகலாம். தைம் செடி ஒரே இடத்தில் அடர்ந்திருந்தால் நடப்பது இதுதான். நிறைய தைம் நட்டால் நிறைய நீலன் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செடி பரவலாக, ஒவ்வொன்றும் ஏதாவதொரு சபுலெட்டி புற்றிலிருந்து சுமார் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எறும்பு இரை தேடிப் போகும் தூரம் அவ்வளவுதான்.

இப்போது வேலிக்கு வருவோம். வலையோடு வந்து பிடித்துப் போகிறவர்களால்தான் நீலன் அழிகிறது என்று நம்பி, அது வாழ்ந்த சரிவுகளை வேலியடைத்தார்கள். வேலி வலைக்காரரைத் தடுத்தது; ஆடுமாடுகளையும் சேர்த்துத் தடுத்தது. போதாததற்கு 1953-ல் மிக்ஸோமாடோசிஸ் என்ற முயல் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்களைக் கொன்றுபோட்டது. மேய வாயில்லாமல் புல் எழும்பியது. சபுலெட்டி தாங்கும் குளிரின் எல்லையே இங்கிலாந்துதான். தெற்கு பார்த்த சரிவில், 3 சென்டிமீட்டருக்குள் கடிக்கப்பட்ட புல்லில், வெயில் நேராக மண்ணில் விழும் இடத்தில்தான் அதற்குப் பிழைப்பு. புல் கொஞ்சம் உயர்ந்தாலே மண் 2, 3 டிகிரி குளிர்ந்துவிடும். சபுலெட்டி போய், அந்த இடத்துக்கு மிர்மிகா ஸ்கேப்ரினோடிஸ் வந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. தைம் இருக்கிறது, செவ்வெறும்பு இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. எறும்பு புழுவைத் தூக்கிக்கொண்டும் போகிறது. உள்ளே போன புழு வெளியே வருவதில்லை. கடைசிக் கூட்டம் 1975, 76 வறட்சியில் நொடித்து, 1979-ல் தீர்ந்தது. காரணத்தைத் தாமஸ் கண்டுபிடித்துவிட்டிருந்தார். காப்பாற்றப் பூச்சி மிச்சமில்லை.

திரும்பக் கொண்டுவந்தது 1983-ல், சுவீடனின் ஓலண்ட் தீவிலிருந்து. இப்போது அந்தச் சரிவுகளில் நடக்கும் வேலையைப் பார்த்தால் பட்டாம்பூச்சி வளர்ப்பு என்றே தோன்றாது. மாடு மேய்ப்பு போலத்தான் இருக்கும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மாடு, மட்டக்குதிரைகளை விட்டுப் புல்லை ஒட்ட மேய்ப்பது, தைம் பூக்கும் முன் அவற்றை ஓட்டிவிடுவது, முட்புதரை வெட்டுவது. எறும்புக் கணக்கெடுப்பு தனி. தரையில் கேக் துணுக்குகளை வரிசையாக வைத்துவிட்டு, மொய்க்கும் எறும்புகளில் ஒன்றிரண்டை எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். உணர்கொம்பு தலைக்கருகே முழங்கை போல மடியும் இடத்தில் தட்டையான பெரிய மடல் நீட்டிக்கொண்டிருந்தால் சபுலெட்டி. ஸ்கேப்ரினோடிஸில் அந்த மடல் அவ்வளவு பெரிதாக இராது. 2019-ல் குளோஸ்டர்ஷயரில் ராட்பரோ காமன் என்ற புல்வெளியில் சுமார் 1,100 புழுக்களை விட்டார்கள். அடுத்த கோடையில் ஏறக்குறைய 750 பட்டாம்பூச்சிகள் பறந்தன. அதற்கு முன் அவ்விடத்தில் 150 ஆண்டுகளாக அது இல்லை. ஆனால் இந்த 3 சென்டிமீட்டரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவின் வெப்பமான பகுதிகளில் அதே எறும்பு இன்னும் உயரமான புல்லில் இருக்கிறது. அங்கே போய் ஒட்ட மேய்த்தால் கெடுதல்தான்.

குயிலும் காகமும் போல என்று எழுதத் தோன்றும். அது பெருநீலனுக்குப் பொருந்தாது; பெருநீலன் ஆட்டுமந்தைக்குள் புகுந்த ஓநாய். குயில் உவமை அதன் உறவினமான ரெபெலி நீலனுக்குப் பொருந்தும். ஜெண்டியன் செடியில் முட்டையிடும் இந்த நீலனின் புழுவுக்கு எறும்புகள் வாயோடு வாய் வைத்து ஊட்டுகின்றன. தீனி குறைந்தால் தம் குஞ்சைக் கொன்று அதற்குக் கொடுக்கும் அளவுக்குப் போகின்றன. வாசனை மட்டும் இந்த மரியாதையை வாங்கித் தராது. புழுவும் கூட்டுப்புழுவும் எழுப்பும் நுண்ணொலி, ராணி எறும்பின் ஒலியை ஒத்திருக்கிறது என்று 2009-ல் காட்டினார்கள். நேரடியாகத் தின்னாமல் ஊட்டி வாங்குவதால் ஒரே புற்றில் பல புழுக்கள் பிழைக்கின்றன.

வல்லவனுக்கு வல்லவனும் உண்டு. இக்நியூமான் யூமெரஸ் என்ற குளவி, ரெபெலி புழு இருக்கும் புற்றுக்குள் மட்டுமே நுழைகிறது. அது வெளியிடும் வேதிப்பொருள் பட்டதும் எறும்புகள் தங்களுக்குள்ளேயே கடித்துக்கொள்ளும். அந்தக் கலவரத்தில் குளவி புழுவைத் தேடிப்பிடித்து அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மறு ஆண்டு கூட்டுப்புழுவிலிருந்து வருவது குளவி.

முசுறுக் கூட்டுக்கு வருகிறேன். உண்டு. லைஃபைரா பிராசோலிஸ். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை, தென்னிந்தியா உட்பட, முசுறு கூடு கட்டும் மரங்களில் இருக்கிறது. பார்க்க அந்துப்பூச்சி மாதிரி இருந்தாலும் நீலன் குடும்பம்தான். இது நைச்சியம் எதுவும் செய்வதில்லை. புழுவின் முதுகு ஆமை ஓடு போலக் கெட்டியாக, தட்டையாக இருக்கும்; ஓரம் இலையோடு படிந்துவிடுவதால் முசுறு எங்கே கடித்தாலும் பிடி கிடைக்காது. ஓட்டுக்கடியில் இருந்தபடியே எறும்புக் குஞ்சுகளைத் தின்கிறது. கூட்டுப்புழுவாவதும் அந்தத் தோலுக்குள்ளேயேதான். சிக்கல் வெளியே வரும்போதுதான். ஈரச் சிறகோடு வரும் பட்டாம்பூச்சிக்கு ஓடு கிடையாது. பதிலுக்கு உடம்பெல்லாம் சுலபமாக உதிரும் செதில்கள். கடிக்க வரும் முசுறின் தாடையிலும் உணர்கொம்பிலும் அவை அப்பிக்கொள்ள, எறும்பு அதைத் துடைக்கும் நேரத்தில் பூச்சி நழுவிவிடும். வெளியே வந்த பிறகு அதற்குத் தேன் குடிக்க உறிஞ்சுகுழல்கூட உருப்படியாகக் கிடையாது. முசுறுக் குஞ்சுகளைத் தின்று சேர்த்ததை வைத்தே பறந்து, இணைசேர்ந்து, இன்னொரு முசுறு மரத்தின் கிளையில் முட்டையிடுகிறது.